உயிர்ப்போட்டிப் புனைவுகள்: மீள்வரும் கூறுகளும் தனித்தன்மையும்

முன்னுரை

தோற்றவர் உயிரிழக்க, வென்றவர் மட்டும் எஞ்சும் போட்டியை மையமாகக் கொண்ட புனைவுகள் கடந்த நூறாண்டுகளில் ஒரு தனி வகையாக வளர்ந்துள்ளன. அமெரிக்க எழுத்தாளர் சுசேன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ (2008) வெளிவந்தபின், அது கௌஷுன் தகாமியின் ஜப்பானிய நாவலான ‘பேட்டில் ராயல்’ (1999) என்பதன் வழிவந்தது என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. தம் நாவலை எழுதி ஒப்படைக்கும்வரை தகாமியின் படைப்பைத் தாம் அறிந்ததில்லை என்று காலின்ஸ் மறுத்தார். கதைச் சட்டகம் ஒத்திருப்பதை மட்டும் கொண்டு ஒரு படைப்பின் தனித்தன்மையை மறுக்கலாமா என்பதை இவ்வகையின் வரலாற்றுவழி இக்கட்டுரை ஆராய்கிறது.

தொன்மத்தில் பலியும் மாற்றாளும்

காலின்ஸ் தம் கதைக்கு மூலமாகச் சுட்டுவது கிரேக்கத் தொன்மமாகும். கிரீட் மன்னனுக்குத் திறையாக ஏதென்ஸ் நகரம் ஏழு இளைஞரையும் ஏழு கன்னியரையும் மினோட்டார் என்னும் விலங்குக்கு அனுப்பியது. அவர்களுள் ஒருவனாகத் தீசியஸ் தானே முன்வந்து சென்றான் என்பது ஒரு மரபு. மகாபாரத ஆதிபருவத்தில் ஏகசக்கர நகரத்தார் முறைவைத்துப் பகாசுரனுக்கு ஆளனுப்பினர். அடைக்கலம் தந்த குடும்பத்தின் முறை வந்தபோது வீமன் சென்றான். இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பு கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் முறை அல்லது சீட்டு, அப்பாவிகளின் பலி, பிறருக்காக முன்வரும் மாற்றாள் ஆகிய கூறுகள் இரண்டிலும் அமைந்துள்ளன. இவற்றில் கொல்பவன் புறத்தே நிற்கும் பகைவன்; அவன் அழிந்தால் துயர் தீர்ந்துவிடும்.

வேட்டையும் காட்சியும்

இருபதாம் நூற்றாண்டில் இவ்வமைப்பு மாறுகிறது. ரிச்சர்டு கான்னலின் ‘தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்’ (1924) சிறுகதையில் அரக்கனின் இடத்தில் நாகரிகமிக்க மனிதன் ஒருவன் நிற்கிறான். விலங்குகளை வேட்டையாடிச் சலித்தவன் மனிதரை வேட்டையாடுகிறான். ராபர்ட் ஷெக்லியின் ‘தி பிரைஸ் ஆஃப் பெரில்’ (1958) சிறுகதையில் அவ்வேட்டை தொலைக்காட்சி நிகழ்ச்சியாகிறது. பார்வையாளரும் அதில் பங்குகொள்கின்றனர். ஸ்டீபன் கிங் புனைபெயரில் எழுதிய ‘தி லாங் வாக்’ (1979) நாவலில் நூறு சிறுவர் தாமே விரும்பிச் சேர்ந்து, ஒருவர் எஞ்சும்வரை நடக்கின்றனர். வேகம் குறைந்து எச்சரிக்கைகளைக் கடந்தவர் சுடப்படுகின்றனர்.

தகாமியும் காலின்ஸும்

தகாமியின் நாவலில் சர்வாதிகார அரசொன்று ஒரே வகுப்பைச் சேர்ந்த 42 மாணவரைத் தீவொன்றில் விட்டு, ஒருவர் எஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லச் செய்கிறது. கொல்பவர் அந்நியரல்லர், அருகமர்ந்து பயின்றவர். குடிமக்கள் ஒருவரையொருவர் நம்பாதிருக்கச் செய்வதே அரசின் நோக்கமாகப் புலப்படுகிறது. எனவே, நட்பில் நம்பிக்கை வைக்கலாமா என்பதே இந்நாவலின் வினாவாகும்.

காலின்ஸின் நாவலிலும் அரசு, களம், இளையோர், எஞ்சும் ஒருவர் என்னும் சட்டகமே உள்ளது. 12 மாவட்டங்கள் ஆண்டுதோறும் 24 இளையோரை அனுப்புகின்றன. ஆனால் இங்குச் சீட்டு அனைவர்க்கும் சமமானதன்று; தானியமும் எண்ணெயும் வேண்டும் ஏழைச் சிறார் தம் பெயரைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். வறுமையே சாவின் வாய்ப்பைப் பெருக்குகிறது. தங்கைக்கு மாற்றாகக் காட்னிஸ் முன்வருவது தொன்மத்தின் மாற்றாளை மீட்டெடுப்பதாகும். அவள் உயிர்பிழைக்கப் பார்வையாளரின் பரிவையும் ஈட்ட வேண்டியுள்ளது. தகாமியின் வினா நம்பிக்கை பற்றியது. காலின்ஸின் வினா பசியும் காட்சியும் பற்றியது. சட்டகம் ஒன்றாயினும் வினாக்கள் வேறாகின்றன.

கடனும் இசைவும்

ஹ்வாங் டோங்-ஹ்யுக் இயக்கிய தென்கொரியத் தொடரான ‘ஸ்க்விட் கேம்’ (2021) முன்னோர் தாக்கத்தை மறைக்கவில்லை. ‘பேட்டில் ராயல்’ முதலிய படைப்புகளைப் படித்ததை இயக்குநரே குறிப்பிட்டுள்ளார். இதில் கடனில் மூழ்கிய 456 பேர் தாமே கையொப்பமிட்டுச் சேர்கின்றனர். முதல் ஆட்டத்தின் கொலைகளைக் கண்டபின் வாக்களித்து வெளியேறியவருள் பெரும்பாலோர் மீண்டும் திரும்பி வருகின்றனர். அழைத்து வர வீரன் வேண்டியதில்லை. வெளியுலகமே அவர்களைத் திருப்பி அனுப்புகிறது. விரும்பிச் சேர்தல் கிங்கிடமும் உண்டு. எனினும் இசைவு என்பதே கடனால் பிழிந்தெடுக்கப்பட்டது என்று காட்டியது இத்தொடரின் சிறப்பு எனலாம்.

முடிவுரை

முதல், வழி, சார்பு என நூலை மூவகைப்படுத்தும் நன்னூல், முன்னோர் நூலின் முடிபை ஏற்றுத் தான் வேண்டும் வேறுபாட்டைச் சேர்ப்பதை வழிநூலின் இயல்பாகக் கொள்கிறது. இலக்கண நூல் மரபையொட்டி எழுந்த பாகுபாடு இது. புனைவுக்கு அதனை அப்படியே பொருத்த இயலாது. எனினும் முன்னோரைத் தழுவுதல் குற்றமன்று, சேர்த்தது யாது என்பதே கேள்வி என்னும் தெளிவு இங்கும் பயன்படும். களமும் சீட்டும் எவர்க்கும் தனியுரிமையல்ல. மனிதரை அக்களத்திற்குத் தள்ளுவது எது என்பதற்கு ஒரு படைப்பு தரும் விடையிலேயே அதன் தனித்தன்மை அமைகிறது. பகை மன்னன், சலிப்புற்ற செல்வன், காட்சி வேட்கை, அரசு, பசி, கடன் என அவ்விடை காலந்தோறும் மாறிவந்துள்ளது. அரக்கனைக் கொன்றால் தொன்மம் முடிந்துவிடும்; பசியையும் கடனையும் அவ்வாறு கொல்ல இயலாமையால்தான் இக்கதை மீண்டும் மீண்டும் எழுதப்படுகிறது எனலாம்.