முற்றத்துக்கு நீர் ஊற்றியவர்கள்

ஸ்பெயினின் தெற்கே, அந்தலூசியாவில் இருக்கிறது கோர்தோபா நகரம். அங்கே ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்கள் வீட்டு முற்றங்களுக்கான போட்டி நடக்கிறது. பழைய நகரின் குறுகிய தெருக்களில் ஏறத்தாழ ஐம்பது வீடுகள் கதவைத் திறந்துவைக்கின்றன. வெள்ளையடித்த சுவர் முழுக்கப் பூந்தொட்டிகள், நடுவில் கிணறு, மூலையில் மல்லிகைக் கொடி அல்லது காகிதப்பூச் செடி. யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். நடுவர்கள் வந்து மதிப்பெண் போடுகிறார்கள், நகராட்சி பரிசு தருகிறது. 1921இல் தொடங்கிய இந்த விழாவை 2012இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

முற்றத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ரோமானியர்களிடமிருந்து ஆரம்பிக்கிறார்கள். வெயிலைத் தடுக்க ரோமானியர் நடுமுற்றம் வைத்து வீடு கட்டினார்கள். பின்னால் வந்த முஸ்லிம் ஆட்சிக்காலத்தில் அதில் நீரும் செடியும் சேர்ந்தன. நூற்றாண்டுகள் கடந்து அது இன்றைய வடிவத்தை அடைந்தது. இதில் தவறில்லை. ஆனால் இது கட்டடத்தின் வரலாறு. கட்டடம் தானாகப் பூப்பதில்லை.

இன்று பரிசு வாங்கும் முற்றங்களில் கணிசமானவை ஒரு காலத்தில் ஒண்டுக்குடித்தன வீடுகளாக இருந்தவை. ஒரு பெரிய பழைய வீடு, அதில் பல குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, மிஞ்சினால் இரண்டு. கிணறும் துணி துவைக்கும் கல்தொட்டியும் கழிப்பறையும், சில வீடுகளில் சமையலறையும்கூட எல்லோருக்கும் பொது. இவை எல்லாம் முற்றத்தில் அல்லது முற்றத்தை ஒட்டி இருந்தன. அதாவது முற்றம் என்பது பெண்களின் வேலையிடம். தண்ணீர் இறைத்தது, துவைத்தது, காயப்போட்டது, பிள்ளைகளைக் குளிப்பாட்டியது, ஆண்டுதோறும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது எல்லாம் அங்கேதான். பூச்செடிகள் இந்த வேலைகளுக்கு நடுவே, இந்த வேலைகளைச் செய்த கைகளாலேயே வளர்ந்தன.

காசில்லாத பெண்களின் தோட்டம் அது. அந்த முற்றங்களில் அதிகம் காணப்படும் செடி ஜெரேனியம். கடையில் வாங்க வேண்டியதில்லை. அண்டை வீட்டுக்காரி ஒரு கிளையை ஒடித்துக் கொடுத்தால் நட்டுவிடலாம், வேர் பிடித்துக்கொள்ளும். தொட்டி வாங்க வசதி இல்லாதவர்கள் காலித் தகர டப்பாக்களில் மண் நிரப்பினார்கள். தரையில் இடமில்லை, அங்கே வேலை நடக்க வேண்டும், பிள்ளைகள் ஓட வேண்டும். அதனால் செடிகள் சுவரில் ஏறின. உயரத்தில் தொங்கும் தொட்டிக்குத் தண்ணீர் எட்டாது என்பதால் நீண்ட கழியின் நுனியில் ஒரு தகரக் குவளையைக் கட்டினார்கள். இன்றும் கோர்தோபாவில் அந்தக் கழியைக் கொண்டுதான் தண்ணீர் ஊற்றுகிறார்கள். சுற்றுலா அஞ்சலட்டையில் நாம் ரசிக்கும் அந்தப் பூச்சுவர், இடநெருக்கடிக்குப் பெண்கள் கண்டுபிடித்த தீர்வு.

போட்டியின் ஆண்டுகளைப் பெண்களின் உரிமை வரலாற்றோடு சேர்த்துப் படித்தால் வேறொரு கதை தெரிகிறது. 1921இல் முதல் போட்டி நடந்தபோது ஸ்பெயினில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. போட்டி தொடர்ந்து நடக்கவுமில்லை. 1933இல்தான் மீண்டும் நடந்தது. அதற்குள் முடியாட்சி போய்க் குடியரசு வந்திருந்தது. 1931 அக்டோபரில் கிளாரா கம்போஅமோர் தன் சொந்தக் கட்சியினரையே எதிர்த்து நாடாளுமன்றத்தில் வாதாடிப் பெண்களுக்கு வாக்குரிமை பெற்றுத் தந்தார். 1932இல் விவாகரத்துச் சட்டம் வந்தது. போட்டி மீண்டும் நடந்த அதே 1933இன் நவம்பரில் ஸ்பெயின் பெண்கள் முதன்முறையாகப் பொதுத்தேர்தலில் வாக்களித்தார்கள்.

1936 ஜூலையில் ராணுவக் கலகம் வெடித்த முதல் நாளே கோர்தோபா கலகக்காரர்களின் கையில் விழுந்தது. உள்நாட்டுப் போர், அதன் பிறகு பசி. போட்டி 1944இல் திரும்பி வந்தபோது பிராங்கோவின் ஆட்சி நிலைகொண்டிருந்தது. விவாகரத்து ரத்தாகிவிட்டது. மணமான பெண்ணைப் பட்டறையிலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும் 'விடுவிப்பது' அரசின் கடமை என்று 1938ஆம் ஆண்டின் தொழில் சாசனம் அறிவித்திருந்தது. கணவனின் அனுமதி இல்லாமல் மனைவி வேலைக்குச் சேர முடியாது, வங்கிக் கணக்குத் தொடங்க முடியாது. வீடே பெண்ணின் இடம் என்று சொன்ன அரசுக்கு, வீட்டை அலங்கரித்துப் பரிசு வாங்கும் பெண் எவ்வளவு வசதியான சித்திரம் என்று விளக்க வேண்டியதில்லை. அந்த அனுமதிச் சட்டம் 1975 மே மாதத்தில்தான் நீக்கப்பட்டது. அதுவரையிலான முப்பது வருடப் போட்டிகளில் பங்கேற்ற மணமான பெண்கள், முற்றத்துக்காகப் பாராட்டப்பட்டும் சட்டத்தின் கண்ணில் கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டியவர்களாகவே இருந்தார்கள்.

அந்தப் பெண்கள் அரசின் கைப்பாவைகள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நாள் முழுவதும் அழுக்குத் துணியோடு மல்லுக்கட்டிய ஒருத்திக்குத் தன் கையால் வளர்ந்த ஒன்றை ஊரே வந்து பார்ப்பதில் மகிழ்ச்சி இருந்திருக்கும். துவைத்த துணி மறுநாள் மீண்டும் அழுக்காகும். செடியோ வருடத்துக்கு வருடம் பெரிதாகும். அதே நேரம், ஒண்டுக்குடித்தன வாழ்வைப் பொற்காலமாக்கவும் கூடாது. பல குடும்பங்களுக்கு ஒரு கழிப்பறை, யார் வீட்டில் என்ன சண்டை என்பது எல்லோர் காதிலும் விழும் நெருக்கம். 1950களிலும் 60களிலும் ஆயிரக்கணக்கான அந்தலூசியக் குடும்பங்கள் பார்சலோனாவுக்கும் மத்ரீதுக்கும் ஜெர்மனிக்கும் பிழைப்புத் தேடிப் போயின. ஊரிலேயே தங்கியவர்களில் பலர் குழாயும் தனிக் கழிப்பறையும் உள்ள அடுக்குமாடி வீடுகளுக்கு மாறினார்கள். அந்த வசதியை முதலில் வரவேற்றவர்கள் பெண்களாகத்தான் இருந்திருப்பார்கள். தண்ணீர் சுமந்தவர்கள் அவர்கள்தானே.

இன்று போட்டியில் முற்றங்கள் பழைய கட்டடம், நவீன அல்லது புதுப்பித்த கட்டடம் எனப் பிரிக்கப்படுகின்றன. பூக்களின் வகை, இயற்கை ஒளி, நீரின் பயன்பாடு ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டு. முற்றங்களைத் தெருப் பெயராலும் கதவு எண்ணாலும் குறிப்பிடுகிறார்கள்: ட்ருவேகே 4, மரோக்கியஸ் 6, சான் பாசிலியோ 44. ஆண்களும் செடி வளர்க்கிறார்கள் என்றாலும், பராமரிப்பாளர் என்ற சொல்லை ஊர் பெரும்பாலும் பெண்பாலில்தான் சொல்கிறது. அவர்களைப் போற்றும் வெண்கலச் சிலை ஒன்றும் நகரில் இருக்கிறது: நீண்ட கழியைத் தூக்கிச் சுவர்த் தொட்டிக்கு நீர் ஊற்றும் ஒரு பெண். அவளுக்குப் பெயர் கிடையாது.

நடுவர்கள் மே மாதத்தில் வருகிறார்கள். கோர்தோபாவில் ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது நூற்றுக்கணக்கான தொட்டிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும், அதற்கே மணிக்கணக்காகும். விடுமுறைக்கு வெளியூர் போக முடியாது. பங்கேற்கும் முற்றங்களுக்கு நகராட்சி ஓர் உதவித்தொகை தருகிறது. விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் அந்த இரண்டு வாரத்தில் சேரும் வருமானத்தோடும், ஆண்டு முழுவதும் செலவாகும் உழைப்போடும் அதை வைத்துப் பார்த்தால் அது ஊதியம் ஆகாது. வீட்டுவேலைக்குக் கூலி கேட்டு 1972இல் எழுந்த பெண்ணிய இயக்கம் இதைத்தான் சொன்னது: அன்பு என்று பெயர் வைத்துவிட்டால் உழைப்புக்குக் கணக்கு எழுத வேண்டியதில்லை.

பராமரித்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. மகள்கள் வேலைக்குப் போகிறார்கள். பழைய நகரில் வீடுகள் சுற்றுலாப் பயணிகளின் தங்குமிடங்களாக மாறிவருகின்றன. மரபு அழிந்துவிடுமோ என்று கவலைப்படுகிறவர்கள் அந்த மகள்களைக் குறை சொல்லக் கூடாது. ஊரின் செல்வம் என்று முற்றத்தைக் கொண்டாடும் நகரம், ஆகஸ்ட் மாதத்து நீரூற்றலுக்குக் கூலி தரட்டும். பரிசுப் பட்டியலில் கதவு எண்ணுக்குப் பக்கத்தில் நீரூற்றியவர்களின் பெயர்களையும் எழுதட்டும்.