ஒட்டாத பாசி

பல்செட்டுக்கு அளவெடுக்க நான் கலக்கும் ஆல்ஜினேட் பவுடரைப் பார்த்து, “டாக்டர், இது ரப்பரா?” என்று கேட்காத பேஷண்ட் குறைவு. கடல்பாசி என்றால் நம்ப மாட்டார்கள். தண்ணீர் விட்டு ரப்பர் கிண்ணத்தின் சுவரில் தேய்த்துக் குழைத்தால் தயிர்ப் பதத்துக்கு வரும். வாயில் வைத்த சில நிமிடத்தில் இறுகிவிடும். பவுடரில் சேர்த்திருக்கும் ஜிப்சத்தின் கால்சியம்தான் பாசியின் சர்க்கரைச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் ஈறில் ஒட்டாமல் வந்துவிடும்.

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் ஆல்ஜினேட் தரும் பழுப்புப் பாசியை எரித்துச் சாம்பலாக விற்றார்கள். முதலில் சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய சோடாவுக்காக. அது படுத்தபின் அயோடினுக்காக. எரிப்பதில் பாதி வீணாகிறது என்று பொருமியவர் எட்வர்ட் ஸ்டான்ஃபோர்ட் என்ற வேதியியலாளர். பாசியைச் சோடாவில் ஊறவைத்து வழவழப்பான கூழை, அதாவது ஆல்ஜினேட்டை, பிரித்தெடுத்து, 1881-இல் காப்புரிமை பெற்றார். அவர் காலத்தில் அது பெரிய வியாபாரமாகவில்லை. எங்கள் தொழிலுக்கு அது வந்து சேர்ந்ததே இரண்டாம் உலகப் போரால்தான்: அதுவரை அளவெடுக்கப் பயன்பட்ட அகர் ஜப்பானிலிருந்து வருவது நின்றுபோனது. ராமநாதபுரம் கரையில் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் கட்டக்கோரைப் பாசியிலும் இருப்பது இதே சரக்குதான்.

பல்லைத் தாண்டியும் இதற்கு வேலை கிடைத்தது. காயத்தை உலர விடாமல் ஈரமாக வைத்தால் தோல் சீக்கிரம் மூடும் என்று 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளிடம் காட்டினார். அதற்கு ஆல்ஜினேட் கட்டு வாகாகப் பொருந்தியது. கசிவை உறிஞ்சிக் கூழாகும். பிரிக்கும்போது புதுத்தோலைப் பிய்க்காது. 1980-இல் லிம், சுன் என்ற இரு ஆய்வாளர்கள் இன்சுலின் சுரக்கும் திசுத்துணுக்குகளை ஆல்ஜினேட் உறையில் பொதிந்து எலிகளுக்குள் வைத்தார்கள். சில வாரங்கள் ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது.

திசுவையே வளர்க்கப் புகுந்தபோதுதான் சிக்கல். கட்டுக்கு வரமாக இருந்த ஒட்டாமை இங்கே சாபம். செல் எதையாவது பற்றிக்கொண்டால்தான் படர்ந்து பெருகும்; வெறும் ஆல்ஜினேட்டில் அதற்குப் பிடிமானமே கிடையாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் மூனியின் குழு, நம் உடல் புரதங்களில் செல்கள் பற்றிக்கொள்ளும் மூன்று அமினோ அமிலத் துண்டை அந்தச் சங்கிலியில் இணைத்தது. தசைச் செல்கள் அதில் ஒட்டி, படர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்தன. 1999-இல் அதை வெளியிட்டார்கள்.

இன்னொரு முட்டுக்கட்டை பாக்கி: ஆல்ஜினேட்டைச் செரிக்கும் நொதி நம் உடலில் இல்லை. ஆகவே சங்கிலியை அங்கங்கே ஆக்சிஜனேற்றம் செய்து பலவீனப்படுத்தினார்கள். அப்படிச் செய்தது உடல் நீரிலேயே மெல்ல அறுந்து கரைகிறது.