விண்டோ சீட் வீடியோ ஓகே... ராணுவ முகாம் செல்ஃபி நோ! போட்டோ ரூல்ஸ் தெரிஞ்சுக்கலாமா?

போனை எடுத்து ஒரு க்ளிக் அடிக்கிறதுக்குள்ள, "சார், இங்க போட்டோ எடுக்கக் கூடாது"னு ஒரு குரல் வரும். உண்மையிலேயே தடையா, இல்ல சும்மா மிரட்டலா? இடத்துக்கு இடம் பதில் மாறும்.

விமானம்

அனுமதியில்லாமல் விமானத்திலிருந்து படம் எடுக்க 1937-ம் ஆண்டு விமான விதிகளின் 13-வது விதி தடை போடுகிறது. 2004-ல் பயணிகளுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு கிடைத்தது. 2020 செப்டம்பரில் நடிகை கங்கனா ரணாவத் பயணித்த விமானத்தில் மீடியாக்காரர்கள் முண்டியடித்ததால் டிஜிசிஏ கறார் காட்டியது. ஆனாலும், 'பயணிகள் எடுக்கலாம், பாதுகாப்புக்கு இடைஞ்சல் கூடாது' என அடுத்து விளக்கமும் தந்தது. ராணுவ விமானதளங்களில் மட்டும் நோ சான்ஸ். 2025 மே மாத உத்தரவு அங்கே ஜன்னல் திரையையே மூடி வைக்கச் சொன்னது.

ராணுவ இடங்கள்

1923-ம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் ராணுவ முகாம், ஆயுதக்கிடங்கு, கப்பல்தளம் போன்றவற்றை 'தடைசெய்யப்பட்ட இடம்' என்கிறது. நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு செய்யும் நோக்கத்தில் அங்கே படம் எடுத்தால், 14 ஆண்டு வரை சிறை. 'லைக்ஸுக்காக எடுத்தேன்'னு அப்புறம் விளக்கிட்டு நிற்கிறதைவிட, போர்டைப் பார்த்ததும் போனைப் பாக்கெட்ல போடுறது பெட்டர்.

போலீஸ் ஸ்டேஷன்

ஸ்டேஷனுக்குள் வீடியோ எடுத்தவர்மீது இதே சட்டம் பாய்ந்தது. 'தடைசெய்யப்பட்ட இடங்கள் பட்டியலில் காவல் நிலையம் இல்லை' என்று 2022-ல் அந்த வழக்கை ரத்துசெய்தது மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை.

கோயில்

தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். வாசலிலேயே போனைக் கொடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கோங்க.

தடுத்தா என்ன பண்றது?

மால், தியேட்டர் எல்லாம் தனியார் இடம். 'எடுக்காதீங்க, வெளியே போங்க'னு சொல்ல அவங்களுக்கு உரிமை உண்டு. ஆனா, போனைப் பிடுங்கி கேலரியை நோண்ட செக்யூரிட்டிக்கு அதிகாரம் கிடையாது. குற்றத்தோடு தொடர்புடையதுனு சந்தேகப்படும் பொருளைப் பறிமுதல் செய்ய போலீஸுக்கு பி.என்.எஸ்.எஸ் 106-வது பிரிவு அதிகாரம் தருது. அப்படி எடுத்தா, எழுத்துபூர்வமா ஒப்புகை கேளுங்க.

பாதுகாப்புக்காகச் சில இடங்களில் கேமராவை மூடத்தான் வேணும். அதே கேமராதான் ஒரு தப்பு நடக்கும்போது சாமான்யனுக்குச் சாட்சி. அதனால, தடைனு சொன்னா சண்டை வேண்டாம். பயந்து உடனே டெலீட் பண்ணவும் வேண்டாம். 'எந்த விதிப்படி சார்?'னு பொறுமையா கேளுங்க!