சிற்றலையில் வந்த மெட்டுகள்

1952இல் இந்தியாவின் தகவல், ஒலிபரப்பு அமைச்சராக வந்தவர் பி.வி. கேஸ்கர். சாஸ்திரிய சங்கீதத்தில் ஊறியவர். திரைப்பாடல் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அவர் அதைத் 'தடை செய்தார்' என்று பலரும் எழுதுவதுண்டு. நடந்தது சற்று வேறு. திரைப்பாடல்களுக்கான நேரம் குறைக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று அதுவும் நிறுத்தப்பட்டது. பெயர் சொல்லாவிட்டால் நமக்கென்ன லாபம் என்று தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பு உரிமையை மீளப் பெற்றுக்கொண்டார்கள். ஆக, டில்லி கதவை அரைவாசி சாத்த, மீதியைப் பம்பாய் சாத்தியது.

திறந்து கிடந்தது கொழும்பு. உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியப் படையினருக்கென எக்கலையில் அமைத்த சக்தி வாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி ரேடியோ சிலோனின் கைக்கு வந்திருந்தது. 1952 டிசம்பர் 3இல் 'பினாக்கா கீத்மாலா' ஆரம்பமாயிற்று. அமீன் சயானி பம்பாயில் பேசிப் பதிவு செய்வார். ஒலிநாடா விமானத்தில் கொழும்புக்கு வரும். இங்கிருந்து அலையேறித் திரும்பவும் இந்தியாவுக்கே போகும். 1957 அக்டோபரில் 'விவித் பாரதி' தொடங்கும்வரை டில்லியிடம் இதற்குச் சரியான பதில் இருக்கவில்லை.

கீத்மாலா நமக்கென்று செய்யப்பட்டதல்ல. ஆனாலும் நம் வீடுகளிலும் கேட்டது. புதன் இரவானால் எங்கள் வாப்பா ரேடியோவை விட்டு அசைய மாட்டார். "ஒரு சொல்லும் விளங்காம என்னத்தக் கேக்கிறீங்க?" என்பார் உம்மா. "மெட்டு விளங்குதே, அது காணும்."

வாப்பா விளையாட்டாகச் சொன்னாலும் அந்தக் காலத்துப் பாடல்கள் மொழிவிட்டு மொழி போனது அப்படித்தான். ராஜ் கபூரின் 'ஆஹ்' 1953இல் தமிழில் 'அவன்' ஆனது. சங்கர் ஜெய்கிஷனின் மெட்டு அப்படியே இருக்க, ஹிந்தி பேசும் உதடுகளுக்குப் பொருந்துமாறு கம்பதாசன் தமிழ்ச் சொல் தேடினார், ஏ.எம். ராஜாவும் ஜிக்கியும் பாடினார்கள். நௌஷாத் இசையமைத்த 'உடன் கட்டோலா' தமிழில் 'வானரத'மானபோது லதா மங்கேஷ்கரே தமிழில் பாடினார். பாதை ஒருவழிப் பாதையுமல்ல. ஆதிநாராயண ராவ் 'சுவர்ண சுந்தரி'க்கு முதலில் மெட்டமைத்தது தெலுங்கில். தமிழில் அது 'மணாளனே மங்கையின் பாக்கியம்'. அதன் பிறகுதான் ஹிந்தி. அங்கே ரபீயும் லதாவும் பாடினார்கள். எல்லாம் வடக்கிலிருந்து அடித்த 'கொப்பி' என்று நம்மவர் சிலர் கைகழுவி விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதே மெட்டுகளின் உலகத்துக்குள்தான் சிங்களத் திரையிசையும் பிறந்தது. 1947இல் தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட 'அசோகமாலா'வுக்கு இசையமைத்தவர் முகம்மது கௌஸ் மாஸ்டர். அதில் பாடியவர்களுள் ஒருவர் முகைதீன் பேக். சேலத்தில் பிறந்து இளம் வயதில் இங்கு வந்தவர். அதே படத்துக்காக கௌஸ் மாஸ்டர் தெரிந்தெடுத்த வயலின் வாசிக்கும் இளைஞர் ஆல்பர்ட் பெரேரா. அமரதேவ என்றால் எல்லோருக்கும் தெரியும்.

பேக் 1991இல் மவுத்தானார். அவர் பாடிய பௌத்த பக்திப் பாடல்கள் இன்றும் வெசாக் காலத்தில் தெருத்தெருவாக ஒலிக்கின்றன. ஆனால் நமது சமூக வரலாற்று நூல்களைப் புரட்டினால், வர்த்தகருக்கு அத்தியாயம் உண்டு, கல்விமானுக்கு உண்டு, அரசியல்வாதிக்குச் சொல்லவே வேண்டாம். கௌஸ் மாஸ்டரைப் பற்றி முழுதாக ஒரு பந்தியை நான் கண்டதில்லை. சினிமா ஆயிற்றே என்ற கூச்சம்தான் காரணமென்று நினைக்கிறேன். ஹராமா ஹலாலா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். நடந்ததை எழுதி வைப்பதற்கு என்ன தடை?

பழைய இசைத்தட்டுகள் வேகமாக அழிந்து வருகின்றன. வீடு திருத்தும்போது பழைய பெட்டிக்குள் அப்படி ஏதும் அகப்பட்டால், உறையில் கௌஸ், பேக் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு இந்தச் சஞ்சிகைக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட வேண்டாம்.