சிவகாசிக் குழந்தைகளுக்காக ஒரு மனு: வழக்கறிஞர் எம்.சி. மேத்தா

மகேஷ் சந்திர மேத்தா 1946-இல் ஜம்மு காஷ்மீரின் ரஜௌரி மாவட்டத்திலுள்ள தங்ரி என்ற சிற்றூரில் பிறந்தவர். ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றத்தில் வழக்காடிவந்த அவர், 1983-இல் டெல்லிக்குக் குடிபெயர்ந்தார். தாஜ்மகால், கங்கை மாசு, ஸ்ரீராம் ஆலை வாயுக்கசிவு ஆகிய பொதுநல வழக்குகள் அவரைச் சுற்றுச்சூழல் வழக்கறிஞராக நாடறியச் செய்தன. அதே ஆண்டுகளில் அவர் கையிலெடுத்த இன்னொரு வழக்கு, தமிழகத்தின் கரிசல் பூமியிலுள்ள சிவகாசிக்கு உரியது.

ஆலையில் கழிந்த பிள்ளைப் பருவம்

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்று வந்தபின் சிவகாசியில் அத்தொழில் வேரூன்றியது. பட்டாசு பின்னர் வந்தது. மழை பொய்க்கும் மானாவாரி ஊர்களில் பல்லாயிரம் வீடுகளில் இத்தொழிலால்தான் அடுப்பு எரிந்தது. செய்து முடித்த எண்ணிக்கைக்கே கூலி என்பதால், குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் பிள்ளைகளும் போனார்கள். விடியுமுன்பே ஆலை பஸ்கள் கிராமங்களுக்கு வந்து அவர்களை ஏற்றிச் சென்றன. 1985 டிசம்பர் 31 நிலவரப்படி, பதிவுபெற்ற 221 தீப்பெட்டி ஆலைகளில் 27,338 தொழிலாளர்கள் இருந்தனர். அவர்களில் 2,941 பேர் குழந்தைகள். இது வழக்கில் பதிவான கணக்கு.

பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தொழிற்சாலையில் அமர்த்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு. அந்த உறுதிமொழியை முன்வைத்து, 32-ஆம் பிரிவின்கீழ் மேத்தா நேரடியாக உச்ச நீதிமன்றத்தை நாடினார். அதுவே 1986-ஆம் ஆண்டின் 465-ஆம் எண் ரிட் மனு.

இரண்டு தீர்ப்புகள்

1990 அக்டோபர் 31-இல் வந்த முதல் தீர்ப்பு கதவைப் பாதிதான் அடைத்தது. உற்பத்திப் பிரிவில் குழந்தைகள் கூடாது என்றது. உற்பத்தி நடக்கும் இடத்திலிருந்து விலகிய பகுதியில் பெட்டி அடைக்கும் வேலையை அனுமதித்தது. பெரியவர்களின் குறைந்தபட்சக் கூலியில் 60 விழுக்காடும் 50,000 ரூபாய்க் காப்பீடும் தரச் சொன்னது.

அதன்பின் சிவகாசிப் பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த விபத்தில் 39 பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. நீதிமன்றம் தானாகவே அதைக் கவனத்தில் கொண்டு, மூன்று வழக்கறிஞர்கள் அடங்கிய குழுவை அமைத்தது. குழு 1991 நவம்பரில் அறிக்கை அளித்தது.

1996 டிசம்பர் 10-இல் நீதிபதிகள் குல்தீப் சிங், பி.எல். ஹன்சாரியா, எஸ்.பி. மஜ்முதார் அளித்த தீர்ப்பு நோயின் வேரைத் தொட்டது. வறுமை நீங்காமல் பிள்ளை ஆலையை விட்டு வெளியேறாது என்பதை அது உணர்ந்திருந்தது. சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் மறுவாழ்வு நிதியில் செலுத்த வேண்டும். குழந்தைக்குப் பதிலாகக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலையை அரசு தேடித்தர வேண்டும்; முடியாவிட்டால் அரசும் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அந்த 25,000 ரூபாயின் வருமானம் குடும்பத்துக்குப் போகும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் அது நின்றுவிடும். சிவகாசிக்காகத் தொடங்கிய வழக்கின் ஆணை சூரத், பிரோசாபாத், மொராதாபாத் உள்ளிட்ட நகரங்களின் ஆபத்தான தொழில்களுக்கும் பொருந்தியது.

பின்விளைவு

மேத்தாவுக்கு 1996-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருதும், 1997-இல் மகசேசே விருதும், 2016-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. தம் பெயரில் நிறுவிய அறக்கட்டளை வழியே அவர் பொதுநலப் பணியைத் தொடர்ந்தார்.

2002-ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாகச் சேர்த்தது. 2009-இல் அதற்கான சட்டம் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் பதினெட்டு வயது நிரம்பாதவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்தத் தடை விதித்தது. குழந்தை உழைப்பு குறித்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் இரு உடன்படிக்கைகளை இந்தியா 2017-இல் ஏற்றது. ஆனால் 2012-இல் முதலிப்பட்டியிலும் 2021-இல் அச்சங்குளத்திலும் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்துகள், பெரியவர்களின் உயிருக்குப் பாதுகாப்பு இன்னும் வந்து சேரவில்லை என்பதைக் காட்டின.