கல்லெழுத்தும் கணிப்பொறி எழுத்தும்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ் மக்களுக்குப் பழஞ்சாசனங்களின் பெருமை புதியதன்று. 1908ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசின் தொல்பொருள் துறைத் தலைமையை ஏற்ற டி. ஏ. கோபிநாத ராவ், படிப்பாரற்றுக் கிடந்த வட்டெழுத்துச் சாசனங்களைப் படித்துப் பதிப்பித்தார். அதனால் நம் முன்னோர் வரலாறு துலங்கிற்று. இக்காலத்தும் அத்தகைய படிப்பு ஒன்று நிகழ்கின்றது. ஆங்கே கல்லின் இடத்தில் கணிப்பொறிக் கோப்பு நிற்கின்றது.

கணிப்பொறிக்குரிய ஆணைகளை மனிதர் தமக்கு விளங்கும் சொற்களில் எழுதுகின்றனர். பின்னர் அவை பூச்சியமும் ஒன்றுமாகிய இரும எண்களாக மாற்றப்படுகின்றன. அவ்வெண்களை மட்டும் கையிற் பெற்றவர், உள்ளிருப்பது நன்மையோ தீமையோ என எங்ஙனம் அறிவார்? அதற்கெனக் கட்டளை வரிக் கருவிகள் உள. ‘ஸ்ட்ரிங்ஸ்’ என்பது கோப்பினுள் புதைந்துள்ள படிக்கத்தக்க எழுத்துக்களைத் திரட்டித் தரும். ‘ஆப்ஜ்டம்ப்’ என்பது எண்களைப் பொறியின் ஆணைகளாகப் பிரித்துக் காட்டும். எழுதியவர் இட்ட பெயர்களும் குறிப்புகளும் பெரும்பாலும் அழிந்திருக்கும். சிதைந்த சாசனத்தைப் போன்று, எஞ்சியதைக் கொண்டே பொருள் காணல் வேண்டும்.

இக்கலையின் பயனை நம் அண்டையிலுள்ள கூடங்குளத்தில் கண்டோம். ‘டிடிராக்’ என்னும் உளவு நிரலைப் பற்றிக் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தார் 2019 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டனர். விசைப்பலகையில் தட்டுவதைப் பதிவு செய்தலும், கோப்புகளின் பட்டியலைத் திரட்டுதலும் அதன் தொழில்கள். 2013இல் தென்கொரியாவைத் தாக்கிய நிரல்களோடு அதற்கு ஒற்றுமை உண்டென்பதையும் அவர்கள் உட்பகுதியைப் பிரித்தறிந்தே கூறினர். அக்டோபர் இறுதியில் அவ்வகைக் கோப்பு ஒன்று ஆய்வாளர் கைக்கு எட்டியது. அதனுள் கூடங்குள நிலையத்தின் உள்வலைப் பெயரே பொறிக்கப்பட்டிருந்தது!

அக்டோபர் 29ஆம் நாள் நிலையத்தார், பரவிய செய்தி பொய்யென்றும், கட்டுப்பாட்டுப் பொறிகள் வெளியுலகோடு இணையாதவை என்றும் அறிவித்தனர். மறுநாளே இந்திய அணுமின் கழகம், தீநிரல் புகுந்தது உண்மையென ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4ஆம் நாளே அது பற்றித் தகவல் வந்ததென்றும், நிர்வாகப் பணிக்கென இணையத்தோடு இணைந்த கணிப்பொறி ஒன்றே தாக்குண்டதென்றும், நிலையத்தை இயக்கும் பொறிகளுக்கு ஊறில்லை என்றும் விளக்கிற்று.

இரயில்வே எழுத்தராகிய எனக்கு இதில் ஓர் உண்மை புலனாகின்றது. பொதியின் மேல் ஒட்டிய சீட்டு ஒன்று கூறலாம். உள்ளிருக்கும் சரக்கு வேறாக இருக்கலாம். அவிழ்த்துப் பார்ப்பவனே ஐயமறத் தெளிவான். அறிக்கைகள் மாறின, கோப்பினுள் பொறித்த எழுத்து மாறவில்லை.

நம் நகரத்துச் சி-டாக் நிலையத்திலும் கணினிக் குற்றத் தடயங்களை ஆராயும் மையம் உண்டு. சாசனம் படித்த ஊரில் வளரும் நம் குடியிருப்புப் பிள்ளைகள் இப்புதிய எழுத்தையும் கற்பாராக. பிறர் சொல்லை நம்பி நில்லாது, தாமே படித்துத் தெளியும் அறிவே ஒரு சமுதாயத்திற்குக் காவலாம்.