குருவின் கடைசிக் கருவி



பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவர் ஒரு கையால் துருத்தியை அசைத்து, மறு கையால் கட்டைகளை அழுத்துவதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே பாடுவது காற்றுதான். ஐரோப்பியத் தேவாலயங்களில் உள்ள குழல் ஆர்கனும் காற்றால் பாடும் கருவியே. ஆனால் அது ஒரு வீட்டளவு பெரியது. விரல் நீளக் குழல் முதல் ஆளைவிடப் பல மடங்கு உயர்ந்த குழல் வரை ஆயிரக்கணக்கில் அதில் நிற்கும். மின்சாரம் இல்லாத காலத்தில் அதன் துருத்திகளை மிதிப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். சபையோர் அவர்கள் முகத்தைக் காண்பதில்லை. ஆனால் அவர்கள் கால் ஓய்ந்தால் இசையும் ஓய்ந்துவிடும்.

இத்தகைய கருவிகளைக் கட்டிப் புகழ்பெற்றவர் கோட்ஃபிரீட் சில்பர்மான். ஜெர்மனியின் சாக்சனி நாட்டில், ஒரு சிற்றூரில், 1683ஆம் ஆண்டு தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். அண்ணன் ஆந்திரேயாஸ் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஆர்கன் கட்டி வந்தார். தம்பி அவரிடம் போய்த் தொழில் கற்றார்; 1710இல் சொந்த நாடு திரும்பினார். முதல் வேலையாக, தாம் வளர்ந்த பிரவுன்ஸ்டைன் ஊருக்கு ஓர் ஆர்கன் கட்டிக் கொடுத்தார். அதற்குச் செலவுப் பணம் மட்டுமே வாங்கினார், கூலி வாங்கவில்லை.

பிறகு வெள்ளிச் சுரங்க நகரமான பிரைபெர்க்கில் பட்டறை வைத்தார். அந்நகரப் பேராலயத்தின் பெரிய ஆர்கனை 1714இல் முடித்தபோது அவருக்கு வயது 31. ஈயத்தையும் வெள்ளீயத்தையும் உருக்கித் தகடாக வார்த்து, இழைத்து, சுருட்டி, பற்றவைத்துத்தான் உலோகக் குழல்கள் செய்யப்பட்டன. குழலின் வாயை ஒரு நூல் கூடுதலாக வெட்டினாலும் குரல் மாறிவிடும். அந்தப் பேராலய ஆர்கன் இன்றும் ஒலிக்கிறது.

சில்பர்மான் கைத்திறனில் பெரியவர்; தொழிலை விட்டுக் கொடுப்பதில் கண்டிப்பானவர். சக்கரியாஸ் ஹில்டபிராண்ட் என்ற இளைஞர் அவரிடம் சீடராகச் சேர்ந்தார். சாக்சனியில் குருவுக்குப் போட்டியாகத் தொழில் செய்வதில்லை என்று அவரிடம் எழுதி வாங்கிக் கொண்டார் சில்பர்மான். சீடர் வளர்ந்து தனியாக வேலை ஏற்றபோது இருவருக்கும் வழக்கு மூண்டது. கற்ற தொழிலைச் செய்தால்தான் சீடருக்குச் சோறு. அவர் செய்தால் குருவுக்கு வேலை குறையும். யார் பக்கம் நியாயம் என்று நாம் எளிதில் சொல்லிவிட முடியாது.

ஆண்டுகள் பல கடந்தன. ஹில்டபிராண்ட் நவும்பெர்க் நகரில் ஒரு பெரிய ஆர்கன் கட்டினார். 1746இல் அதைச் சோதித்துத் தீர்ப்புச் சொல்ல இருவர் அழைக்கப்பட்டனர். ஒருவர் இசைமேதை செபாஸ்டியன் பாக். மற்றவர் குரு சில்பர்மானே. ஆர்கன் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

சில்பர்மானின் கடைசி வேலை டிரெஸ்டன் நகரின் அரண்மனைத் தேவாலயத்து ஆர்கன். அது முடியுமுன்பே, 1753 ஆகஸ்டில், அவர் காலமானார். குறையாக நின்ற வேலையை முடித்தவர்களில் முதன்மையானவர் யார் தெரியுமா? போட்டிக்கு வரக்கூடாது என்று எழுதி வாங்கப்பட்ட அதே ஹில்டபிராண்ட்தான். 1755இல் அந்த ஆர்கன் முழுமை பெற்றது.

இரண்டாம் உலகப் போரில் குண்டு விழும் என்று அஞ்சி, 1944இல் அதன் குழல்களைக் கழற்றிப் பத்திரப்படுத்தினார்கள். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் எரிந்தபோது கருவியின் மரக்கூடு சாம்பலாயிற்று, குழல்கள் தப்பின. 1971இல் அவை மீண்டும் பூட்டப்பட்டுப் பாடத் தொடங்கின. அதே நகரில் சில்பர்மான் 1736இல் முடித்த மற்றோர் ஆர்கன் போரில் அழிந்தே போயிற்று. அவர் கட்டிய சுமார் 50 ஆர்கன்களில் ஏறத்தாழ 30 எஞ்சியுள்ளன.

நேயர்களே, தொழிலைத் தமக்கென்று காக்கப் பத்திரம் எழுதி வாங்கினார் சில்பர்மான். கடைசியில் அவர் பெயரைக் காத்தது அந்தப் பத்திரமன்று. அவர் பிறருக்குக் கற்றுக் கொடுத்த கைவேலைதான். நம் பிள்ளைகளுக்கு நாம் ஒரு தொழிலைக் கற்பிக்கும்போது இதை நினைவில் வைப்போம்.